காப்புறை போட்டிருந்தேன்

“கை எப்படி இருக்கு?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகு இன்னும் மோசம். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இருந்த இடத்தில் தோலை இழுத்துத் தைத்திருந்தார்கள். மற்ற மூன்று விரல்களும் லட்சணமாகத்தான் இருந்தன. அவற்றை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. வந்தவர்கள் இல்லாத இரண்டையே உற்று உற்றுப் பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், “எப்படி ஆச்சு?” என்றார்கள். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது, “அதே பழைய கேசட்டுதான், போட்டுக் காட்டவா?” என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. வாங்கி வந்த பழத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கேட்காத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். சமைத்தார், துணி துவைத்தார், எனக்குத் தலை பின்னிவிட்டார். பின்னல் கோணல்மாணலாக ஒரு காதுப் பக்கம் போய் நிற்கும். நானும் அப்படியே விட்டுவிடுவேன். ஆனால் கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாத்திரை கொடுக்கும்போதுகூட இடது கையைப் பார்த்துத்தான் கொடுப்பார்.

அன்றைக்குக் கம்பெனியில் விசாரணை. விபத்து என் கவனக்குறைவால் நடந்தது என்று முடிவானால் வேலை போய்விடும். மெஷினில் கோளாறு என்று முடிவானால், உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுத்து வைத்துக்கொள்வார்கள். இந்தக் கையைத் தூக்கிக்கொண்டு இந்த வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்பதை நினைத்தாலே எனக்கு அலுப்பாக இருந்தது. அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, தூங்கிவிடலாமா என்று தோன்றியது. முதல்நாள் ராத்திரியெல்லாம், அங்கே என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக்கூடாது என்று மனசுக்குள் அரைத்துக்கொண்டே கிடந்திருந்தேன்.

எங்கள் கம்பெனியில் தைப்பது முழுக்க உறைகள்தான். சோபாவுக்கு, மெத்தைக்கு, தலையணைக்கு, வாஷிங் மெஷினுக்கு, மழையில் நிற்கும் வண்டிக்கு. தூசி படுகிற எதைக் காட்டினாலும் அளவெடுத்து ஒரு சட்டை தைத்து மாட்டிவிடுவோம். ஆனால் நாங்கள் யாரும் உறை என்று சொல்ல மாட்டோம். எல்லாம் கவர்தான். உறை என்று சொல்வது நான் அறிந்து என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

அவர் போர்டு எழுதும் கடை வைத்திருக்கிறார். பெயர்ப்பலகை, வண்டிக்கு நம்பர், கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர். கடைத்தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் புலவர். ‘டீ ஸ்டால்’ என்று எழுதச் சொன்னால் ‘தேநீர் நிலையம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஆளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார். வீட்டிலும் அதே கதைதான். தலையணை கவர் என்றால் அவர் காதில் விழாது. தலையணை உறை என்றால்தான் பீரோவைத் திறப்பார்.

“எப்பேர்ப்பட்ட வார்த்தை தெரியுமா அது?” என்பார். “தலையணைக்கும் உறை, கடுதாசிக்கும் உறை, கத்திக்கும் உறை. பாலைத் தயிராக்க ஊத்துறோமே, அதுவும் உறை. குளிர்ல தண்ணி உறையுது. மொளகாயைக் கடிச்சா நாக்குல உறைக்குது.”

“புத்தியில உறைக்கிறதை விட்டுட்டீங்களே” என்பேன்.

“அது அவங்கவங்களுக்கா உறைக்கணும். நான் என்ன பண்ண?” என்பார். சிரிப்போம். அப்போதெல்லாம் சிரிக்கத் தெம்பு இருந்தது.

மெஷின்களுக்கு மேல் எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும் என்று போன வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மேனேஜர் இங்கிலீஷில் இருந்த தாளை என்னிடம் கொடுத்து, “உங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துத் தமிழ்ல எழுதி வாங்கிட்டு வாம்மா” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தாளை மடிக்காமல் பைக்குள் அட்டை வைத்து எடுத்துப் போனேன்.

அதில் ஒரு இடத்தில் அவர் திணறினார். இங்கிலீஷில் ‘கார்டு’ என்று இருந்தது.

“கார்டுன்னா வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்தானே?” என்றேன்.

“மெஷினுக்கு எதுக்கு வாட்ச்மேன்? இது வேற” என்றவர், கூடத்துக்கும் சமையல்கட்டுக்குமாக நடக்க ஆரம்பித்தார். “காக்கிறது. மேல போட்டுக் காக்கிறது. காப்பு... உறை...” சட்டென்று நின்றார். “காப்புறை!”

வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி அந்த வார்த்தையை அன்று முழுக்க அடக்கி வைத்துக்கொண்டு சுற்றினார். சாப்பிடும்போது ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கை கழுவும்போது ஒரு தடவை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பலகை தயாரானது. மஞ்சளில் கறுப்பு எழுத்து: ‘காப்புறை இன்றி இயக்காதே.’ கீழே மூலையில் பொடியாக அவருடைய கடைப் பெயர். துணி சுருட்டும் மெஷினுக்கு மேலே, நான் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே அதை மாட்டினார்கள்.

“உங்க புலவர் என்னக்கா எழுதியிருக்காரு?” என்று எல்லோரும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? எங்களில் ஒருத்தி இரண்டு கையிலும் பட்டையாகக் காப்புப் போட்டிருப்பாள். “காப்புக்கு உறை போடணும்னு சொல்றாங்க. எங்கயாவது மாட்டிக்கும்ல” என்று அவளே அர்த்தம் கண்டுபிடித்து, அன்றிலிருந்து காப்பின் மேல் துண்டுத்துணியைச் சுற்றிக்கொண்டாள். நான் ஸ்டோரில் போய், “காப்புறை இருக்காண்ணே?” என்று கேட்டேன். ஸ்டோர்காரர் பலகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அலமாரியைக் குடைந்தார், நூல் கையுறை ஒரு கட்டு எடுத்துப் போட்டார். “உறைன்னா எங்கிட்ட இதான் இருக்கு, எடுத்துக்க.”

எல்லோரும் ஆளுக்கொரு ஜோடி வாங்கினார்கள். கொஞ்ச நாளில் ஒவ்வொருத்தியாகக் கழற்றி எறிந்தார்கள். வேர்த்தது, நூல் பிடிபடவில்லை, வேலை ஓடவில்லை. கடைசி வரைக்கும் போட்டுக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். மற்றவர்களுக்கு அது சுவரில் தொங்குகிற போர்டு. எனக்கு அது என் வீட்டுக் கூடத்தில் நடந்து நடந்து பிறந்த வார்த்தை. அவர் எழுதியதை நானே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள் என்று நினைத்தேன். மடத்தனம் என்றால் மடத்தனம்தான். அன்றைக்கு அது மடத்தனமாகத் தெரியவில்லை.

அந்த மெஷினின் பக்கவாட்டில் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு சுற்றும். அங்கே நூலும் பஞ்சும் வந்து அடைந்துகொண்டே இருக்கும். ஓடும்போதே விரல் நுனியால் கிள்ளி எடுப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அன்றும் கிள்ளினேன். கையுறையின் நுனியைச் சக்கரம் கவ்வியது. வெறும் கையாக இருந்திருந்தால் உருவியிருக்கலாம். கையுறை விடவில்லை, என் கையையும் சேர்த்து உள்ளே கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: “சுத்துற மெஷின்கிட்ட யாராவது நூல் கிளவுஸ் போடுவாங்களாம்மா? அது இல்லேன்னா நகத்தோட போயிருக்கும்.” அப்போது என் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. திரும்பி வந்தவர் மருந்தை வைத்துவிட்டுக் கட்டிலருகில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். “போர்டுலதான் எழுதியிருக்கே. காப்புறை போட்டிருந்தியா?”

“போட்டிருந்தேன்” என்றேன்.

அதற்குப் பிறகு மேஸ்திரி பார்க்க வந்தார். அவரும் அதையேதான் கேட்டார். அவரிடமும், “போட்டிருந்தேன்ணே” என்றேன். அவர் ஏனோ தலையை ஆட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

ஆகவே விசாரணைக்குப் போகும்போது என் நிலைமை இதுதான். போர்டைப் பார்த்துத்தான் கையுறை போட்டேன், அதனால்தான் கை போனது என்று சொன்னால், தப்பு போர்டு எழுதினவர் தலையில் விழும். இவர் தவறாக எழுதிவிட்டார் என்றுதான் நானும் மனசுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். சொல்லாவிட்டால் தப்பு என் தலையில் விழும். யார் தலை என்றாலும் ஒரே வீட்டுத் தலைதான். இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்ததில் எனக்கு மனசு களைத்துப்போயிருந்தது.

மேனேஜர் அறையில் ஏசி ஓடவில்லை என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். விசாரிக்க வந்தவர் ஒரு அம்மா, தொழிலாளர் ஆபீஸ் அதிகாரி. அவர்களும் களைத்துப்போய்த்தான் இருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைக்கு அடியில் காலை நீட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மேஸ்திரி, ஸ்டோர்காரர், சாட்சிக்கு என்று காப்புப் போட்டவள். என் வீட்டுக்காரர் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா நாற்காலியில், கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். உள்ளே பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும்.

“சொல்லுங்கம்மா. விபத்து நடந்தப்ப காப்புறை இருந்ததா?” என்றார்கள் அதிகாரி அம்மா.

“இருந்துச்சு மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போட்டிருந்தது?”

“போட்டுத்தான் ஓட்டினேன்.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “பாத்தீங்களா மேடம்? ஆஸ்பத்திரியிலயும் இதையேதான் மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்காங்க. எங்க பக்கம் எல்லாம் பக்காவா இருந்திருக்கு. அதையும் மீறிக் கையை உள்ள விட்டா நாங்க என்ன செய்ய முடியும்?”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “மீறியா? கையிலயே போட்டிருக்கேன், அதை எப்படி சார் மீறுறது?” என்றேன்.

அதிகாரி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “கையிலயா?”

“ஆமா மேடம். ரெண்டு கையிலயும்.”

அதிகாரி அம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பிறகு மேஸ்திரியைக் கேட்டார்கள். “நீங்க சொல்லுங்க. காப்புறைன்னா என்ன?”

மேஸ்திரி கை தானாகத் தலைக்குப் போனது. “இது... ஹெல்மெட்டு மாதிரி ஏதாவது...”

“மெஷினுக்கு ஹெல்மெட்டா?”

“தெரியாம சொல்லிட்டேன் மேடம்.”

ஸ்டோர்காரர், “கையுறைதான் மேடம், நான்தான் குடுத்தேன்” என்றார் குரல் கம்மி. காப்புப் போட்டவளை யாரும் கேட்கவே இல்லை. அவளாகவே இரண்டு கையையும் நீட்டித் துணி சுற்றிய காப்புகளைக் காட்டினாள். “நான் அன்னையிலேர்ந்து கழட்டவே இல்ல மேடம். குளிக்கிறப்ப மட்டும்தான்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த சூட்டோடு அழுகையும் வரப் பார்த்தது; பல்லைக் கடித்து அடக்கினேன்.

“கார்டு மேடம், கார்டு” என்றார் மேனேஜர் எரிச்சலோடு.

“எந்த கார்டு? பஞ்ச் பண்றதா, வாசல்ல நிக்கிறதா?” என்று விடாமல் கேட்டார்கள் அதிகாரி அம்மா.

“மெஷின் கார்டு. அந்தப் பல்சக்கரத்துக்கு மேல மாட்டுற இரும்பு மூடி. வாங்குறப்பவே மெஷினோட சேர்ந்து வரும்.”

“அது எங்க?”

மேனேஜர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தார். இரும்பு மூடியா? அந்த மெஷினில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தச் சக்கரங்களை வெறும் சக்கரங்களாகத்தான் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு மூடி என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கேள்வியைக் கேட்டுக்கொண்டார். “அதுவா? வெளியிலதான் கிடக்கு” என்று திரும்பி நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். என் வீட்டுக்காரரும் கைப்பையோடு எழுந்து வந்தார்.

டீ குடிக்கிற மூலையில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் எங்கள் மஞ்சள் பொட்டி கிடந்தது. இரும்புப் பொட்டி, அகலமாக, இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். கிழிந்த சோபா கவர் ஒன்றை மேலே போட்டு வைத்திருந்தோம், குளிர்காலத்தில் சில்லென்று ஏறாமல் இருக்க. டீ வேளையில் அதில் உட்கார எங்களுக்குள் ஒரு சண்டையே நடக்கும். “மஞ்சப் பொட்டி எனக்கு” என்று பாதி வழியிலேயே கத்திக்கொண்டு ஓடுவோம். அன்று தையல்காரப் பெண்கள் இரண்டு பேர் அதில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டமாக வந்த எங்களைப் பார்த்துப் பதறி எழுந்தார்கள்.

மெக்கானிக் சோபா கவரை எடுத்து உதறி ஓரமாகப் போட்டார். பொட்டியைப் புரட்டினார். அடியில் சிலந்தி வலை. “நூல் அடைக்கிறப்பல்லாம் இதைக் கழட்டணும், மறுபடி மாட்டணும் சார். மேஸ்திரி, அப்புறம் மாட்டிக்கலாம், வேலை நிக்குதுன்னாரு. அப்படியே விட்டாச்சு.” அதைத் தூக்கிக்கொண்டு போய் மெஷினின் பக்கவாட்டில் பொருத்தி வைத்தார். நான்கு மூலையிலும் ஓட்டை. மெஷினிலும் அதே இடத்தில் ஓட்டை. கச்சிதமாக உட்கார்ந்தது. பல்சக்கரங்கள் மறைந்துபோயின. என் கை போன இடத்தில் இப்போது ஒரு காகிதம்கூட நுழையாது.

அந்த மெஷினின் முன்னால் நின்று, அந்தப் போர்டின் கீழே நின்று, மூடியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்புறை என்பது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, எழுந்து போய் அது இல்லாத மெஷினை ஓட்டியிருக்கிறேன். விபத்து நடந்த அன்றும் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். டீ நன்றாக இருந்தது என்று சொன்னதுகூட ஞாபகம் வந்தது. ஆத்திரம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. உட்காரத்தான் இடம் தேடினேன். பழக்கதோஷத்தில் டிரம் பக்கம் திரும்பினேன்; அங்கே பொட்டி இல்லை.

மேனேஜர் சும்மா இருக்கவில்லை. “மூடி இல்லேன்னாலும் போர்டு இருக்கு இல்ல மேடம்? புரியிற மாதிரி எழுதியிருந்தா இவங்களே கேட்டிருப்பாங்க, மூடி எங்கேன்னு. போர்டு எழுதுனவரு இங்கதான் நிக்கிறாரு.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். என் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார், பார்க்கவே பரிதாபமாக இருந்தது. கடைத்தெருவில் ஒரு எழுத்துக்காகச் சட்டையைப் பிடிக்கிற மனிதர் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி அம்மா என் பக்கம் திரும்பினார்கள். “மத்தவங்க எல்லாரும் கையுறையைக் கழட்டிட்டாங்கன்னு சொல்றாங்க. நீங்க மட்டும் ஏன்மா போட்டிருந்தீங்க?”

இதற்கு நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கை வறண்டு போகிறது, அதனால் போட்டேன். ராத்திரியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த பொய். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பொய் சொன்னால் அதைக் கடைசி வரைக்கும் கட்டிக் காக்க வேண்டும். டாக்டரிடம், அக்கம்பக்கத்தில், வீட்டில். எனக்கு அதற்குத் தெம்பில்லை.

“இவரு எழுதுன போர்டு மேடம்” என்றேன். “அதனாலதான் போட்டேன்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, கட்டுப் பிரித்த நாளிலிருந்து முதல்முறையாக, என் வலது கையைப் பார்த்தார்.

அதிகாரி அம்மா அந்த மூடியை ஒரு தடவை தட்டிப் பார்த்தார்கள். பிறகு மேனேஜரிடம், “போர்டு யாருக்கும் புரியலை, வாஸ்தவம்தான்” என்றார்கள். “ஆனா மூடி அது இருக்கவேண்டிய இடத்துல இருந்திருந்தா, போர்டுல என்ன எழுதியிருந்தாலும் இவங்க கை போயிருக்காது. எழுத்தைக் காட்டி நழுவாதீங்க. இவங்க மேல தப்பில்லைன்னுதான் நான் எழுதப் போறேன்.” மேனேஜர் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டார். லேபிள் சரிபார்க்கிற மேஜையில் என்னை உட்கார வைப்பதாகச் சொன்னார். மேஸ்திரி என் கண்ணில் படாமலேயே எங்கோ போய்விட்டார். கிளம்பும்போது மேனேஜர் என் வீட்டுக்காரரிடம், “போர்டை மாத்தி எழுதிக் குடுங்க. இந்தத் தடவை மனுசங்களுக்குப் புரியணும்” என்றார். அவர் தலையாட்டினார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வேலை போகவில்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. வண்டியில் வரும்போது அவர் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அவர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். ஒரு இடத்தில் சிக்னல் பச்சையான பிறகும் நின்றுகொண்டே இருந்தார். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவர் டீ போட்டார். நான் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, அன்று துவைத்துக் காய்ந்த தலையணை உறையை ஒரு கையால் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையணை ஒரு பக்கம் போனால் உறை இன்னொரு பக்கம் போனது. அவர் டம்ளரை வைத்துவிட்டு, வாங்கி மாட்டினார்.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றேன்.

“கேளு.”

“காப்புறைன்னு எழுதுனப்ப, மனசுல எதை நெனச்சீங்க? கையுறையா? மூடியா?”

தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் யோசித்தார். யோசிப்பதாக நடிக்கவில்லை, நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தார்.

“எதையும் நெனைக்கல” என்றார். “கேக்க நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்.”

எனக்கு வந்த கோபத்தில் தலையணையைப் பிடுங்கி அவர் மேல் எறிந்திருப்பேன். இரண்டு விரல் போயிருக்கிறது, இவருக்குக் கேட்க நன்றாக இருந்ததாம். அது என்ன சாமான், எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்று ஒரு எட்டு கம்பெனிக்கு வந்து பார்த்திருந்தால் ஆகாதா? என்னையாவது பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அவருக்கு அதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். டீ ஆறிப்போயிருந்தது. அதையே குடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“போர்டுக்கு என்ன எழுதட்டும்? நீ சொல்லு.”

“மஞ்சப் பொட்டி மேல இல்லாம மெஷினை ஓட்டாதே. பக்கத்துல ஒரு அம்புக்குறி போடுங்க, அது எங்க மாட்டணும்னு.”

‘மஞ்ச’ என்று எழுதியவர் பென்சிலை நிறுத்தினார். இது மஞ்சள் என்று ஆரம்பிப்பார், அது பெட்டி என்று திருத்துவார், பலகையில் எழுதுவதற்கு ஒரு மரியாதை உண்டு என்பார் என்று காத்திருந்தேன். எல்லாச் சண்டைக்கும் தயாராக இருந்தேன்.

“ஒற்று வேணுமே” என்று மட்டும் முணுமுணுத்து, ‘ப்’ போட்டார். பிறகு ‘பொட்டி’ என்று எழுதினார். கொம்பும் காலும் வைத்து, கடைப் பெயர்ப்பலகைக்கு எழுதுகிற அதே அழகான எழுத்தில், நிதானமாக எழுதினார். அம்புக்குறியையும் போட்டுவிட்டு அட்டையைக் கீழே வைத்தார்.

அப்புறம் என் வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். தைத்த இடத்தைக் கட்டைவிரலால் தொட்டும் தொடாமலும் தடவிப் பார்த்தார்.

“கை எப்படி இருக்கு?” என்றார். “எப்படி ஆச்சு?”

வாய் ஓய்ந்துபோனவள்தான் நான். அவருக்கு முதலிலிருந்து சொன்னேன்.